சுகர் உள்ளவர்களின் பாதத் தோல்: எதைப் பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும்

வலிக்காத புண்ணை யாரும் அவசரமாகக் கவனிப்பதில்லை. காலில் முள் ஏறினால் அங்கேயே நின்று பார்க்கிறோம். செருப்பு கடித்தால் நடையை மாற்றிக்கொள்கிறோம். சூடான தரையில் பட்ட காலை, யோசிப்பதற்கு முன்பே தூக்கிவிடுகிறோம். இதையெல்லாம் நம்மைச் செய்ய வைப்பது வலி. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடு இருப்பவர்களில் பலருக்கு இந்த வலி பாதத்தில் மெல்ல மெல்லக் குறைந்துவிடுகிறது. அது குறைவதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை வாழ்நாளில் ஒருமுறையாவது பாதப் புண்ணைச் சந்திக்கிறார்கள். இந்த நோயால் கால் அகற்றப்பட்டவர்களின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால், நூற்றில் 80க்கும் மேற்பட்டவர்களுக்கு அது ஒரு பாதப் புண்ணில்தான் தொடங்கியிருக்கிறது. அந்தப் புண்ணுக்கும் ஒரு தொடக்கம் உண்டு: குதிகாலில் ஒரு வெடிப்பு, உள்ளங்காலில் ஒரு காய்ப்பு, விரலிடுக்கில் ஒரு சேற்றுப்புண், புதுச் செருப்பு உரசி வந்த ஒரு கொப்புளம். எல்லாம் தோல் சமாச்சாரம். "இதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போவாங்க" என்று விட்டுவிடத் தோன்றும் சின்ன விஷயங்கள். ஆனால் கால் இழப்பைத் தடுக்க மிகச் சுலபமான நேரம் இந்தச் சின்ன விஷயங்களின் நேரம்தான்.

தோல் ஏன் மாறுகிறது

இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருக்கும்போது நரம்புகள் சேதமடைகின்றன. உடலிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால் பாதிப்பு பெரும்பாலும் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மதமதப்பு இருக்கும். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் கால் மரத்துப்போகும். இரவில் எரிச்சலால் தூக்கம் கெடுகிறவர் மருத்துவரிடம் போய்விடுகிறார். ஒன்றுமே தெரியாதவர் போவதில்லை. இந்த இரண்டாமவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

பாதத்துக்கு வரும் நரம்புகள் தொடு உணர்வை மட்டும் சுமப்பதில்லை. வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகளும் அவற்றோடு வருகின்றன. அவை கெட்டால் பாதம் வியர்ப்பதை நிறுத்துகிறது, தோல் காய்ந்து இறுகி வெடிக்கிறது. விரல்களை நேராக வைத்திருக்கும் சிறு தசைகளுக்கான நரம்புகள் கெட்டால் விரல்கள் மடங்கி வளைகின்றன. விரல் மூட்டின் மேற்புறம் செருப்பில் உரசத் தொடங்குகிறது. உடலின் எடை முன்பாதத்தில், விரல்களுக்குக் கீழே உள்ள எலும்பு மேடுகளில் குவிகிறது. தோலுக்குள் இருக்கும் கொலாஜன் புரதத்தோடு சர்க்கரை ஒட்டிக்கொள்வதால் தோலும் மூட்டுகளும் விறைத்துப்போகின்றன. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் சர்க்கரை கூடுதலாக உள்ள இரத்தத்தில் சரியாக வேலை செய்வதில்லை.

இவற்றோடு இரத்த ஓட்டமும் சேர்ந்துகொள்கிறது. காலுக்குப் போகும் தமனிகள் அடைபட்டால் ஆறுவதற்குத் தேவையான ஆக்சிஜன் தோலுக்குப் போய்ச் சேராது. பாதம் சில்லென்று இருப்பது, தோல் மெலிந்து பளபளப்பது, முடி உதிர்வது, நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து நின்றால் விட்டுவிடுவது ஆகியவை அதன் அடையாளங்கள். ஆனால் நரம்பும் கெட்டிருந்தால் நடக்கும்போது வரும் அந்த வலிகூட வராமல் போகலாம். பாதம் வெதுவெதுப்பாக இருக்கிறது என்பதை வைத்தும் இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நரம்புச் சேதத்தால் இரத்தம் தோலின் நுண்குழாய்களுக்குப் போகாமல் குறுக்குவழியில் திரும்பிவிடும்போதும் பாதம் சூடாகத்தான் இருக்கும்.

"சுகர் இருந்தா புண் ஆறாது" என்ற பேச்சைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. அது ஆட்களைச் சோர்ந்துபோக வைக்கிறது. இரத்த ஓட்டம் போதுமானதாக இருந்து, தொற்று அடங்கி, புண்ணின் மேல் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொண்டால் சுகர் உள்ளவருக்கும் பெரும்பாலான புண்கள் ஆறும். ஆறாமல் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம், வலி தெரியாததால் அந்தக் காலையே ஊன்றி நடந்துகொண்டிருப்பது.

இதைத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தவர். தொழுநோய்தான் விரல்களையும் பாதத்தையும் அரிக்கிறது என்று அன்று பலரும் நம்பினார்கள். உணர்ச்சியற்ற காலில் திரும்பத் திரும்ப விழும் சாதாரண அழுத்தமும் கவனிக்கப்படாத காயமும்தான் பெரும்பகுதிச் சேதத்தைச் செய்கின்றன என்று அவர் கண்டார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, அதே அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். நோய்கள் வேறு, பாதத்துக்கு நடப்பது ஒன்று.

வெடிப்பும் காய்ப்பும்

குதிகால் வெடிப்பு எல்லோருக்கும் வருவதுதான். சுகர் உள்ளவருக்கு அது ஆழமாகப் போகும். ஈரம் இல்லாத தடித்த தோல் வளையாது, எடை விழும்போது பிளக்கும். பிளவு தோலின் அடி அடுக்கு வரை போனால் இரத்தம் கசியும், கிருமி நேராக உள்ளே போகும். குளித்து முடித்துத் துடைத்ததும் யூரியா கலந்த ஈரப்பதக் கிரீமைத் தினமும் தடவி வந்தால் சில வாரங்களில் தோல் இளகும். யூரியா தோலில் நீரைப் பிடித்துவைக்கிறது, தடித்த மேல்தோலைக் கரைத்து மெலிதாக்குகிறது. கிரீமை உள்ளங்காலிலும் குதிகாலிலும் பாதத்தின் மேற்புறத்திலும் தடவலாம். விரலிடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். இரத்தம் கசியும் வெடிப்பைப் புண்ணாகவே கருதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

காய்ப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் மிக எளிதாக ஏமாற்றுகிறது. அழுத்தம் விழும் இடத்தில் தன்னைக் காத்துக்கொள்ளத் தோல் தடிக்கிறது. அது இயல்பான தற்காப்பு. வலி தெரிகிறவருக்கு ஓர் எல்லைக்கு மேல் காய்ப்பு உறுத்தும், அவர் ஏதாவது செய்வார். வலி தெரியாதவருக்கு அது தடித்துக்கொண்டே போகிறது. தடித்த காய்ப்பு ஷூவுக்குள் கிடக்கும் கல்லைப் போல ஒவ்வொரு அடியிலும் உள்ளே குத்துகிறது. எலும்புக்கும் காய்ப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மென்சதை நசுங்குகிறது. அங்கே இரத்தமும் நீரும் கோத்து, மேலே தோல் முழுசாக இருக்கும்போதே உள்ளே புண் உருவாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் காய்ப்புதான். ஒருநாள் காலுறையில் கறை தெரியும்போதுதான் விஷயம் வெளிவருகிறது.

ஆகவே காய்ப்புக்குள் சிவப்பாகவோ கருப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அது உள்ளே இரத்தம் கசிந்ததன் தடம், புண்ணுக்கு முந்தைய நிலை. பாதப் பராமரிப்பில் பயிற்சி பெற்றவர் காய்ப்பைச் சீவி எடுத்தாலே அந்த இடத்தில் விழும் அழுத்தம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் அழுத்தத்துக்கான காரணம் அப்படியே இருந்தால் காய்ப்பு மறுபடி வளரும். செருப்பையோ அதற்குள் பாதத்தின் அடியில் வரும் உள்தட்டையோ மாற்றுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

இரண்டு காரியங்களைத் தயவுசெய்து செய்யாதீர்கள். காய்ப்பையோ கால் ஆணியையோ பிளேடால் நீங்களே அறுக்காதீர்கள். உணர்ச்சி இல்லாத தோலில் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியாது. மருந்துக் கடையில் கிடைக்கும் கால் ஆணிப் பிளாஸ்டரையும் ஒட்டாதீர்கள். அதில் உள்ள சாலிசிலிக் அமிலம் ஆணியை அரிப்பது போலவே சுற்றியுள்ள நல்ல தோலையும் அரிக்கும், அது எரிவதும் உங்களுக்குத் தெரியாது.

விரலிடுக்கு

சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவே உள்ள இடுக்குதான் பாதத்தில் மிக நெருக்கமானது. காற்று போகாது, துடைக்கும்போதும் துணி அங்கே எட்டாது. சேற்றுப்புண் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. தோல் வெளுத்து, ஊறி, உரியும், ஒரு வாடை வரும். அரிப்பு இருக்கலாம், நரம்பு மரத்தவருக்கு அதுவும் இல்லாமல் போகலாம். பெரும்பாலும் இதற்குக் காரணம் பூஞ்சை. பூஞ்சை தானாக ஆழமாகப் போவது அரிது. அது உண்டாக்கும் பிளவு வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியா நுழைந்து, கால் முழுக்கச் சிவந்து வீங்குவதுதான் ஆபத்து. முழங்காலுக்குக் கீழே வரும் செல்லுலைட்டிஸ் என்ற தொற்றுக்கு நுழைவாயில் தேடினால் பல நேரம் அது இந்த இடுக்கில்தான் கிடைக்கும்.

பூஞ்சைக் கிரீம்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் தோல் தெளிவானவுடன் நிறுத்திவிட்டால் திரும்ப வரும். மருத்துவர் சொன்ன கடைசி நாள் வரை தடவ வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: ஸ்டீராய்டு கலந்த கலவைக் கிரீம்களை நீங்களாக வாங்கித் தடவாதீர்கள். அரிப்பும் சிவப்பும் உடனே அடங்கும், பூஞ்சை அடியில் பரவும், பிறகு பார்க்கும் மருத்துவருக்கும் அடையாளம் தெரியாதபடி உருமாறிவிடும். கிரீம் போட்டும் சரியாகவில்லை என்றால் அது பூஞ்சையாகவே இல்லாமல் இருக்கலாம். எரித்ராஸ்மா என்ற ஒரு பாக்டீரியாத் தொற்றும் விரலிடுக்கில் இதே தோற்றத்தில் வரும். வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கின் கீழ் அது பவளச் சிவப்பாக ஒளிர்வதை வைத்து மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார்.

நகப் பூஞ்சையைப் பலர் அழகுப் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். மஞ்சளாகி, தடித்து, பொடிப்பொடியாக உதிரும் நகம் செருப்புக்குள் இடம் பிடித்துக்கொண்டு நகப்படுக்கையை அழுத்துகிறது, அதன் விளிம்பு பக்கத்து விரலைக் கிழிக்கிறது. கால் நகம் முழுதாக வளர ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால் சிகிச்சைக்கும் பொறுமை வேண்டும். நகத்தை நேராக வெட்டி முனைகளை ராவினால் போதும், ஓரங்களைத் தோண்டி எடுக்க வேண்டாம். கண் பார்வை மங்கியவர்களும் குனிய முடியாதவர்களும் இதை இன்னொருவரிடம் விடுவதே நல்லது.

பயமுறுத்துகிறவை, ஏமாற்றுகிறவை

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் முன்புறத்தில், சிறுசிறு பழுப்புத் தழும்புகள் வருவதுண்டு. வலியோ அரிப்போ இருக்காது. சர்க்கரை நோயில் மிக அதிகமாகக் காணப்படும் தோல் மாற்றங்களில் இது ஒன்று. இதற்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. திடீரென்று பாதத்திலோ காலிலோ, சுற்றிலும் சிவப்பே இல்லாமல், தெளிந்த நீரோடு பெரிய கொப்புளம் எழுவதும் உண்டு. இது அரிது. உடைக்காமல் சுத்தமாக மூடி வைத்தால் சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் சூடு பட்டோ செருப்பு உரசியோ வந்த கொப்புளமும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் என்பதால் மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும்.

ஏமாற்றும் ஒன்று சார்கோ பாதம். ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டால் சூடாக இருக்கும். வலி இருக்காது, அல்லது வீக்கத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாக இருக்கும். தோல் எங்கும் உடைந்திருக்காது. தொற்று என்றோ சுளுக்கு என்றோ எண்ணிப் பலர் நடந்துகொண்டே இருக்கிறார்கள். உண்மையில் உள்ளே எலும்புகளும் மூட்டுகளும் நொறுங்கிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம். அப்போதே மாவுக்கட்டுப் போட்டு, அந்தக் காலில் உடல் எடை விழாமல் பார்த்துக்கொண்டால் பாதத்தின் வடிவம் தப்பும். தாமதித்தால் பாத வளைவு இடிந்து தலைகீழாகி, அந்தப் புது மேட்டில் புண் வரும். நரம்புச் சேதம் உள்ள ஒருவருக்கு ஒரு கால் மட்டும் சூடாக வீங்கினால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதைச் சார்கோ என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலை ஊன்றாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கண்ணும் கையும் செய்ய வேண்டிய வேலை

வலி செய்யாத வேலையைக் கண்ணும் கையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், நல்ல வெளிச்சத்தில், இரண்டு பாதங்களையும் பாருங்கள். உள்ளங்காலுக்குத் தரையில் வைத்த கண்ணாடியோ கைபேசியின் கேமராவோ உதவும். விரல்களைப் பிரித்து ஒவ்வோர் இடுக்கையும் பாருங்கள். புறங்கையால் இரு பாதங்களையும் தொட்டு, ஓர் இடம் மட்டும் சூடாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். சர்க்கரை கண்ணையும் பாதித்திருந்தால் வீட்டில் ஒருவர் இதைச் செய்யட்டும். அவர்களிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவானது, கருவி எதுவும் வேண்டாம். நோயாளி படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் ஆள்காட்டி விரல் நுனியால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை, இரு கால்களிலுமாக ஆறு இடங்களில், ஒவ்வொன்றையும் ஓரிரு நொடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொடும்போது வலது, இடது என்று நோயாளி சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதத்தைக் காயத்திலிருந்து காக்கும் தொடு உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள். மருத்துவமனையில் இதையே 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையாலும், அதிர்வு தெரிகிறதா என்பதை இசைக்கவை என்ற, தட்டினால் 128 ஹெர்ட்ஸில் அதிரும் உலோகக் கவையாலும் சோதிப்பார்கள். எந்தக் குறையும் இல்லாதவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை தேவை. உணர்ச்சியோ இரத்த ஓட்டமோ ஒன்று குறைந்திருந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. ஏற்கெனவே புண் வந்து ஆறியவருக்கு 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை.

இழந்த உணர்ச்சி முழுதாகத் திரும்புவது அரிது. ஆனால் இழப்பைத் தள்ளிப்போட முடியும். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1993இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புச் சேதம் ஏற்படும் வாய்ப்பு 60 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகையில் பலன் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் கட்டுப்பாடு வீண் அல்ல. புகைபிடிப்பவர் அதை நிறுத்துவது பாதத்தின் இரத்தக் குழாய்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

அன்றாடத்தில் அதிகம் தவறு நடக்கும் இடம் சூடு. மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம், ஹாட் வாட்டர் பாட்டில், ஹீட்டர் எதுவும் வேண்டாம். கால் கழுவும் நீர் 37 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள். நீண்ட நேரம் ஊறவைத்தால் தோல் இன்னும் காயும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். ஷூ பாதத்தைவிட உள்ளளவில் 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும், விரல்கள் நெருங்காத அகலம் வேண்டும். வாங்குவதற்கு மாலை நேரம் ஏற்றது, அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். வெளிர் நிறக் காலுறை போட்டால் சீழோ இரத்தமோ கசிந்தது உடனே தெரியும். அணிவதற்கு முன் ஷூவுக்குள் கைவிட்டுத் துழாவுங்கள். உள்ளே கிடந்த ஒரு ஆணியோ மடிந்த உள்தட்டோ நாள் முழுக்க யாருக்கும் தெரியாமல் காலைக் கிழித்திருக்கிறது.

எப்போது காத்திருக்கக் கூடாது

தோல் உடைந்து சதை தெரிந்தால், சீழோ நாற்றமோ வந்தால், விரல் நீலமாகவோ கருப்பாகவோ மாறினால், புண்ணைச் சுற்றிய சிவப்பு பரவினால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். "காய்ச்சல் இல்லையே" என்று ஆறுதல் அடைய வேண்டாம். ஆழமான தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போவது இந்த நோயில் சகஜம். காரணமே இல்லாமல் சர்க்கரை அளவு திடீரென்று ஏறுவதுகூட, எங்கோ தொற்று இருக்கிறது என்பதற்கான முதல் தகவலாக இருக்கலாம். அப்படி ஏறினால் காலையும் பாருங்கள்.

உள்ளங்காலில் புண் இருப்பது உறுதியானால், சிகிச்சையின் நடுநாயகம் மருந்தும் கட்டும் அல்ல, அழுத்தத்தை எடுப்பது. முழங்கால் வரை வரும், கழற்ற முடியாத மாவுக்கட்டையோ பூட்ஸையோ முதல் தேர்வாகச் சொல்வது இதனால்தான். கழற்றக்கூடியதைக் கொடுத்தால், வலி இல்லாத மனிதர் "இதோ பாத்ரூம் வரைக்கும்தானே" என்று கழற்றிவிட்டு நடப்பார். அந்தச் சில அடிகள் போதும், பல நாள் ஆறியது திரும்பக் கிழிய. ஆறிய பிறகும், ஓராண்டுக்குள் பத்தில் நான்கு பேருக்குப் புண் திரும்ப வருகிறது. பழைய செருப்புக்குத் திரும்பிப் போகாமல், அழுத்தத்தைப் பங்கிட்டுத் தரும்படி பாதத்தின் அளவுக்குச் செய்த செருப்பை வீட்டுக்குள்ளும் அணிய வேண்டும்.

அடுத்த முறை சர்க்கரைக்காக மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அவர் கேட்கும் வரை காத்திராமல் இரண்டு கால்களின் செருப்பையும் காலுறையையும் கழற்றிவிட்டு உட்காருங்கள். காலில் ஒன்றும் இல்லை என்று உங்களுக்குத் தோன்றினாலும் கழற்றுங்கள்.